ஈஆர்பியில் டி-ஷர்ட் அடக்கவிலை: 25 ரூபாய் எங்கே ஒளிந்துகொள்கிறது?

திருப்பூரில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போடத் தெரியாத மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) கிடையாது. நூல் விலை, நிட்டிங் (பின்னல்) கூலி, சாயக்கூலி, தையல் கூலி என்று ஒரு காகித ஓரத்திலேயே ஐந்து நிமிடத்தில் போட்டு முடித்துவிடுவார்கள். அதே கணக்கை ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். மென்பொருள் கூட்டலில் தவறாது, உண்மைதான். ஆனால் எடை எந்த இடத்தில் குறைகிறது, கூலி எந்த எடைக்குப் போடப்படுகிறது, நேரம் என்பது ஸ்டாப்வாட்ச் நேரமா தரையில் ஆகும் நேரமா என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தப்பான அடக்கவிலையை அது மூன்று தசமம் வரை துல்லியமாகக் காட்டும்.

இந்தப் பதிவில் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பொருள்: 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, வட்டக் கழுத்து, அரைக்கை, ஆண்கள் டி-ஷர்ட். 30 கவுண்ட் கோம்டு நூல், அடர் நிறம். மென்பொருள் ஈஆர்பிநெக்ஸ்ட். இலவசமாகக் கிடைக்கிறது, உள்நாட்டுத் தயாரிப்பு, உற்பத்திப் பகுதி ஓரளவு முழுமையாக இருக்கிறது என்பதால் அது. ஓடூ, எஸ்ஏபி என்று வேறு எதை வைத்திருந்தாலும் மெனுவின் பெயர்தான் மாறும், ஓட்டைகள் அதே இடத்தில்தான் இருக்கும். கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் இந்த மாத விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் அமைப்பை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் துணியின் எடை

எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: உடல் நீளம், கை நீளம், தையல் மடிப்பு மூன்றையும் கூட்டி, அதை மார்பு அகலமும் மடிப்பும் சேர்ந்த அளவால் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கத்துக்காக 2-ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10,000-ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிராமில் வரும். எம் சைஸுக்கு நீளம் 71, கை 21, மடிப்பு 10. மார்பு 52, மடிப்பு 4 என்று வைத்தால்:

102 × 56 × 2 × 160 ÷ 10,000 = 182.8 கிராம்

இதற்கு மேல் லேயின் (வெட்டுவதற்காக அடுக்கி விரித்த துணியின்) இரண்டு முனையிலும் போகும் துண்டு, டயா (துணியின் அகல) வித்தியாசம், ஓட்டை விழுந்த துணி என்று 8% வையுங்கள். இங்கேதான் முதல் சறுக்கல். 8% சேதம் என்றால் 182.8-ஐ 1.08-ஆல் பெருக்குவதல்ல, 0.92-ஆல் வகுப்பது. 100 கிலோ உள்ளே போனால் 92 கிலோ உபயோகமாகிறது என்பதுதான் 8% சேதத்தின் அர்த்தம். பெருக்கினால் 197.4 கிராம், வகுத்தால் 198.7 கிராம். ஒரு கட்டத்தில் இது சின்ன வித்தியாசம். நிட்டிங், சாயம், கட்டிங் என்று மூன்று கட்டத்திலும் பெருக்கிக்கொண்டே போனால் சின்னதாக இருக்காது. நாம் 200 கிராம் என்று எடுத்துக்கொள்வோம், கழுத்துப் பட்டைத் துணியான ரிப்புக்குத் தனியாக 10 கிராம்.

எம் சைஸுக்கு மட்டும் போட்டு அதையே ஆர்டர் முழுவதற்கும் வைப்பதும் வழக்கமான தவறுதான். சைஸ் ரேஷியோ 1:2:2:1 என்றால் அந்த விகிதத்தில் நான்கு சைஸுக்கும் சராசரி எடுங்கள். எக்ஸ்எல் அதிகம் கேட்கும் பையருக்கு (வாங்குபவருக்கு) எம் சைஸ் எடையில் விலை சொன்னால், துணி ஆர்டர் போடும் அன்றே நஷ்டம் தொடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஜிஎஸ்எம். 160 கேட்ட இடத்தில் 168 வந்தால் பையருக்குப் புகார் இல்லை, ஐந்து சத வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் துணியை நாம் வாங்குவது கிலோவில், வெட்டுவது நீளத்தில். 100 பீஸுக்கு 20 கிலோ போதும் என்ற இடத்தில் 21 கிலோ போகும். காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தும் வேலை) முடிந்து வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஜிஎஸ்எம் கட்டரால் வட்டத் துண்டு வெட்டி எடை போடுங்கள். அந்தத் துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்பதால் கிராம் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். இந்த எண்ணை ஈஆர்பியில் துணி வரவு ரசீதிலேயே ஒரு தனிக் கட்டமாக வைத்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

நூலிலிருந்து சாயத் துணி வரை

ஒரு கிலோ முடிந்த துணிக்கு என்ன செலவு? காகித ஓரக் கணக்கு இப்படி: நூல் 280, நிட்டிங் 14, சாயம் 95, காம்பாக்டிங் 9, ஆக 398 ரூபாய். நான்கு எண்ணும் சரி. கூட்டலும் சரி. விடைதான் தப்பு.

சாயத்திலும் அதற்குப் பிந்தைய வேலைகளிலும் 8% எடை போகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ முடிந்த துணி வர 1 ÷ 0.92 = 1.087 கிலோ கிரே (சாயம் போடாத) துணி கொடுக்க வேண்டும். நிட்டிங்கில் பஞ்சுத் தூசி, கோன் அடியில் மிஞ்சும் நூல் என்று 1.5% போகிறது. 1.087 ÷ 0.985 = 1.1035 கிலோ நூல். அடுத்து, சாயப்பட்டறை பில் போடுவது நாம் கொடுத்த கிரே எடைக்கு, திரும்பி வந்த எடைக்கு அல்ல. ஆகவே 95 ரூபாயை 1.087-ஆல் பெருக்க வேண்டும்.

நூல் 308.98
நிட்டிங் 15.22
சாயம் 103.26
காம்பாக்டிங் 9.00
மொத்தம் கிலோவுக்கு ₹436.46

398-க்கும் இதற்கும் 38 ரூபாய் இடைவெளி. பீஸுக்கு 200 கிராம் என்றால் ₹7.69. பையரிடம் ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லி இரண்டு வாரம் பேச்சுவார்த்தை நடத்துகிற தொழிலில் இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயக்கூலியை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். வெள்ளை, வெளிர், நடு, அடர் என்று குறைந்தது நான்காகப் பிரியுங்கள். அடர் நிறத்துக்குச் சாயமும் உப்பும் கூடுதலாகப் போகும், கழுவல்களும் அதிகம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறையை ஓட்ட முடியும் என்ற நிலை வந்தது. அந்தச் செலவும் கூலிக்குள்தான் இருக்கிறது. சின்ன லாட்டில் இன்னொரு விஷயம்: ஒரு நிறத்துக்கு 500 பீஸ் ஆர்டர் என்றால் சுமார் 100 கிலோ துணிதான் வரும். மெஷின் நிரம்பாது. பட்டறை மினிமம் சார்ஜ் போடும். பத்து நிறத்தில் 5,000 பீஸ் கேட்பவருக்கும் ஒரே நிறத்தில் 5,000 கேட்பவருக்கும் ஒரே விலை சொல்வது தர்ம காரியம்.

இதை ஈஆர்பிநெக்ஸ்ட்டில் எப்படி ஏற்றுவது

நூல், கிரே துணி, சாயத் துணி, தைத்த பீஸ், பேக் செய்த பீஸ் என்று ஐந்து ஐட்டம். கடைசி நான்குக்கும் ஆளுக்கொரு பிஓஎம், அதாவது அதைச் செய்ய என்னென்ன எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல். எல்லாவற்றையும் ஒரே பிஓஎம்மில் நூலிலிருந்து பெட்டி வரை கொட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் எந்தக் கட்டத்தில் எடை போனது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

பிஓஎம்மை ஒரு பீஸுக்கோ ஒரு கிலோவுக்கோ போடாதீர்கள். துணிக்கு 100 கிலோ, பீஸுக்கு 100 என்று போடுங்கள். காரணம் இரண்டு. ஈஆர்பிநெக்ஸ்ட்டில் எண்கள் இயல்பாக மூன்று தசமத்தோடு நின்றுவிடும். ஒரு பீஸுக்கு 0.0285 கோன் நூல் என்று அடித்தால் 0.029 ஆகிவிடும். அடுத்தது, எண்ணிக்கையில் அளக்கும் ஐட்டத்துக்கு முழு எண்தான் வேண்டும் என்று யூனிட்டில் டிக் போட்டிருக்கும். 50 பீஸ் பிடிக்கும் அட்டைப்பெட்டியை ஒரு பீஸுக்கு 0.02 என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. 100 பீஸுக்கு 2 பெட்டி, பிரச்சினை தீர்ந்தது.

கிரே துணி பிஓஎம்: 100 கிலோவுக்கு நூல் 101.523 கிலோ. சாயத் துணி பிஓஎம்: 100 கிலோவுக்கு கிரே 108.696 கிலோ. சேதத்தை இப்படி உள்ளே போகும் எடையிலேயே சேர்த்துவிடுவது என் விருப்பம். பிஓஎம்மில் ப்ராசஸ் லாஸ் சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் உபயோகிக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் சேதம் இருமுறை ஏறும். எந்த வழியில் போட்டாலும் ஒருமுறை கால்குலேட்டரில் கிலோ விலையைப் போட்டுப் பார்த்து, மேல்மட்ட பிஓஎம்மில் அதே எண் வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு மேலே போங்கள். 436.46 வரவில்லை என்றால் எங்கோ ஒரு டிக் விட்டுப்போயிருக்கிறது.

பெரும்பாலும் விட்டுப்போகும் டிக் எது தெரியுமா? மேல் பிஓஎம்மில், துணியின் விலையை அதன் பிஓஎம்மிலிருந்தே எடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் சாயத் துணிக்குக் கிடங்கில் இருக்கும் பழைய மதிப்பை எடுத்துக்கொள்ளும். கிடங்கில் துணியே இல்லை, விலையும் எங்கும் பதியவில்லை என்றால் பூஜ்யம். அடக்கவிலை அழகாகக் குறைந்து நிற்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிஓஎம்மை சப்மிட் செய்யும் முன் விலைப் பத்தியில் 0 இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்விக்கும் வேலை) கூலிதான் இந்த மென்பொருளில் சிக்கலான இடம். 14-ஆம் பதிப்பு முதல் ஜாப் ஒர்க்குக்கென்று தனி ஆர்டரும் தனி ரசீதும் இருக்கின்றன. நாம் அனுப்பும் கிரே துணி பிஓஎம்மிலிருந்து வரும். சாயக்கூலியோ பர்ச்சேஸ் ஆர்டரில் சேவையாகப் பதியும். அதாவது கூலி பிஓஎம்முக்குள் வருவதே இல்லை. துணி திரும்பி வந்து ரசீது போட்ட பிறகு அதன் மதிப்பில் கூலி சரியாக ஏறிவிடும். ஆனால் ஆர்டர் வாங்கும் முன் கணிப்புக்காக பிஓஎம்மைத் திறந்தால் சாயக்கூலி இல்லாத விலைதான் தெரியும். கிலோவுக்கு 103 ரூபாய் காணோம்!

தீர்வு, கணிப்புக்கென்று தனி பிஓஎம். ஒரே ஐட்டத்துக்கு எத்தனை பிஓஎம் வேண்டுமானாலும் வைக்கலாம், ஒன்றுதான் டிஃபால்ட். ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவதை டிஃபால்ட்டாக விடுங்கள். கணிப்பு பிஓஎம்மில் சாயத்தையும் காம்பாக்டிங்கையும் செயல்முறைச் செலவாகச் சேருங்கள். முடிந்த பொருளின் அளவுக்கு இவ்வளவு என்று செலவைப் போடும் வசதி புதிய பதிப்புகளில் இருக்கிறது. 100 கிலோ பிஓஎம்மில் சாயம் 10,326, காம்பாக்டிங் 900. மேல்மட்ட பிஓஎம்மின் வரியில் எந்த பிஓஎம் எண்ணை எடுக்க வேண்டும் என்று கேட்கும். அங்கே கணிப்பு பிஓஎம்மை மறக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் டிஃபால்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விலையை எங்கிருந்து எடுப்பது

பிஓஎம்மில் மூன்று வழி கொடுத்திருக்கிறார்கள்: கிடங்கு மதிப்பு, கடைசியாக வாங்கிய விலை, விலைப்பட்டியல். கணிப்புக்கு மூன்றாவதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கிடங்கு மதிப்பு போன மாதம் வாங்கிய நூலின் விலை. பையர் இன்று விலை கேட்கிறார், ஆர்டர் உறுதியாக மூன்று வாரம், நூல் வாங்குவது அதற்குப் பிறகு. மில்கள் மாதத் தொடக்கத்தில் விலையை ஏற்றினால் நம் கணக்கு பழைய நூலில் நிற்கும். கடைசியாக வாங்கிய விலை இன்னும் மோசம். சாம்பிளுக்காகக் கடையில் ஐந்து கிலோ நூலைக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால், அடுத்த முறை விலையைப் புதுப்பித்தவுடன் எல்லா பிஓஎம்மும் அந்த விலைக்கு ஏறிவிடும். அதனால் "கணிப்பு" என்று ஒரு கொள்முதல் விலைப்பட்டியல் உருவாக்கி, நூல், ரிப், லேபிள், பெட்டி எல்லாவற்றுக்கும் இன்றைய மேற்கோள் விலையை அதில் வையுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஒருவர் உட்கார்ந்து திருத்தினால் போதும்.

திருத்திய பிறகு சப்மிட் செய்த பிஓஎம்மில் "அப்டேட் காஸ்ட்" பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொன்றாக அழுத்தினால் கீழ் மட்டத்திலிருந்து மேலே போக வேண்டும். மேலிருப்பதை முதலில் அழுத்தினால் அது பழைய துணி விலையையே எடுக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதுப்பிக்க பிஓஎம் அப்டேட் டூல் இருக்கிறது, தினமும் தானாக ஓடும்படியும் வைக்கலாம். இது விலையை மட்டும்தான் மாற்றும். அளவை மாற்ற வேண்டுமானால் புதிய பதிப்பு போட வேண்டும், சப்மிட் செய்த பிஓஎம்மில் எடையைத் திருத்த முடியாது. நல்லதுதான். பழைய ஆர்டருக்கு எந்த எடையில் விலை சொன்னோம் என்பது அப்படியே நிற்கும்.

ஜிஎஸ்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பர்ச்சேஸ் வரி அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் "டோட்டல்", "வேல்யுவேஷன்", "வேல்யுவேஷன் அண்ட் டோட்டல்" என்று கேட்கும். உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும் என்பதால் ஜிஎஸ்டி "டோட்டல்" மட்டும். லாரி வாடகை திரும்பக் கிடைக்காது, அது "வேல்யுவேஷன் அண்ட் டோட்டல்". இரண்டையும் மாற்றிப் போட்ட நிறுவனத்தில் கிடங்கு மதிப்பு முழுவதும் வரியோடு ஊதிப்போயிருக்கும், வாடகை எங்கும் தென்படாது.

தையல்: எட்டு நிமிடம் எட்டு நிமிடம் அல்ல

துணியை விட இங்கேதான் அதிகப் பணம் ஒளிந்திருக்கிறது.

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒர்க்ஸ்டேஷன் என்ற பதிவில் மணிக்கு மின்சாரம், உபபொருள், வாடகை, கூலி என நான்கு கட்டம். கூலிக் கட்டத்தில் தினக்கூலியை எட்டால் வகுத்துப் போடுவது வழக்கம், அது போதாது. நாளுக்கு 480 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 12,480. இதன் மேல் நிறுவனம் கட்டும் பிஎஃப் 12%, அதற்கான நிர்வாக, இன்சூரன்ஸ் செலவு 1%, இஎஸ்ஐ 3.25%, குறைந்தபட்ச போனஸ் 8.33%, கிராஜுவிட்டிக்கு ஒதுக்க வேண்டிய 4.81%. கூட்டினால் 29.39%. போனஸுக்குக் கணக்கிடும் சம்பளத்தில் உச்சவரம்பு உண்டு என்பதால் சிலருக்குக் கொஞ்சம் குறையும். நாம் முழுதாக எடுத்தால் மாதம் 16,148, அதை 208 மணி நேரத்தால் வகுத்தால் 77 ரூபாய் சொச்சம், 78 என்று வைப்போம்.

தைப்பவர் மட்டும் தைப்பதில்லை. 12 மெஷினுக்கு 4 கைமடி (உதவி) ஆட்கள் என்றால் ஒரு மெஷினுக்கு மூன்றில் ஒரு ஆள், மணிக்கு 22 ரூபாய். ஆக கூலி 100. மின்சாரம் 4, ஊசி எண்ணெய் வகையறா 3, வாடகை 8. மெஷின் மணிக்கு 115.

இப்போது நேரம். இந்த டி-ஷர்ட்டின் தையல் எஸ்ஏஎம் (ஒரு பீஸுக்கு நிர்ணயித்த நேரம்) 8 நிமிடம் என்று வையுங்கள். பிஓஎம்மில் 8 என்று போட்டால் பீஸுக்கு ₹15.33. ஆனால் 12 பேர் 480 நிமிடம் உட்கார்ந்து, நாளுக்கு 360 பீஸ் வந்தால், 360 × 8 ÷ 5,760 = 50%. லைன் எஃபிஷியன்சி பாதிதான். அப்படியானால் ஒரு பீஸுக்கு நாம் சம்பளம் கொடுப்பது 16 நிமிடத்துக்கு, ₹30.67. எஃபிஷியன்சியை 60-க்குக் கொண்டுபோனால் 25.56. ஆண்டு முழுவதும் நூல் விலையில் பத்து காசு பேரம் பேசுவதைவிட இந்த ஐந்து ரூபாய்க்கு லைன் சூப்பர்வைசருக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் வாங்கித் தரலாம்.

எஃபிஷியன்சியை நேரத்தில் போடுங்கள், மணிக் கட்டணத்தை உயர்த்திச் சரிக்கட்டாதீர்கள். பிறகு ஜாப் கார்டில் (வேலை நேரப் பதிவில்) உண்மையான நேரம் பதியும்போது, உயர்த்திய கட்டணம் அந்த நேரத்தோடு பெருகி இருமடங்கு செலவு காட்டும். பிஓஎம்மில் செயல்முறை நேரம் அந்த பிஓஎம்மின் முழு அளவுக்கானது என்பதையும் கவனியுங்கள். 100 பீஸ் பிஓஎம்மில் 1,600 நிமிடம். அங்கே 16 என்று அடித்துவிட்டால் தையல் பீஸுக்கு 31 காசு ஆகிவிடும். நகைச்சுவை போலத் தெரியும், ஆனால் மேல்மட்ட பிஓஎம்முக்குக் கீழே இருந்தால் கண்ணில் படாது.

புது ஸ்டைலில் முதல் சில நாட்கள் லைன் தடுமாறும். 20,000 பீஸ் ஆர்டரில் அது கரைந்துவிடும். 500 பீஸ் ஆர்டர், லைன் பிடிபடும் முன்பே முடிந்துவிடும். அதனால் சின்ன ஆர்டருக்கும் பெரிய ஆர்டருக்கும் தனித்தனி நேரத்தோடு இரண்டு பிஓஎம் வைப்பது வீண் வேலை அல்ல.

பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குக் கொடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி இல்லை. பீஸ் ரேட்டை நேரடியாகச் செலவாகப் போட்டுவிடலாம், எஃபிஷியன்சி அவர் பாடு. ஆனால் வாடகை, மின்சாரம், மெஷின் நம்முடையது என்றால் அதற்கு உள்ள பங்கு தனியாக வர வேண்டும். சம்பள ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் ஏறும் விகிதம் எழுதியிருக்கும். ஆறு மாதம் கழித்துத் தைக்கப்போகும் ஆர்டருக்கு ஏறிய ரேட்டைப் போடுங்கள்.

தைத்த பீஸும் பேக் செய்த பீஸும்

100 தைத்த பீஸுக்கு: சாயத் துணி 20 கிலோ சுமார் 8,730, ரிப் 1 கிலோ 520, தையல் நூல், பீஸுக்கு 125 மீட்டர் என்றால் 5,000 மீட்டர் கோன் 2.5, கோன் மாற்றும்போதும் நூல் அறும்போதும் போவதைச் சேர்த்து 2.9, தலா 60 என்றால் 174, மெயின், வாஷ்கேர், சைஸ் லேபிள் மூன்றும் ஒரு செட்டாக 102 செட் 224, கட்டிங் 200, தையல் 3,067. இதில் கட்டிங் வேஸ்ட் 4.5 கிலோ, கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 180 கழியும். பிஓஎம்மின் ஸ்க்ராப் அட்டவணையில் போட்டால் மொத்தத்திலிருந்து அதுவே கழித்துவிடும். நிற வேஸ்ட்டுக்கு வெள்ளை வேஸ்ட்டின் விலையைப் போட்டுவிடாதீர்கள். முடிவில் 12,735, பீஸ் ₹127.35.

ஒரு சோதனை: 21 கிலோ துணி போய் 4.5 கிலோ வேஸ்ட் என்றால் 100 பீஸ் 16.5 கிலோ இருக்க வேண்டும், நூலும் லேபிளும் சேர்ந்தால் சற்றுக் கூடும். தராசில் வைத்தால் 15 கிலோதான் இருக்கிறது என்றால் ஒன்றரைக் கிலோ துணி எங்கே? ஜிஎஸ்எம் குறைவாக வந்ததா, கட்டிங் மேசைக்கு அடியில் கிடக்கிறதா, வேஸ்ட் மூட்டையோடு எடை போடாமல் போய்விட்டதா என்று அன்றே விசாரிக்கலாம்.

பேக் செய்த பீஸுக்கான பிஓஎம்மில் தைத்த பீஸ் 103. செக்கிங்கில் மூன்று போகும் என்று கணக்கு. இதைத் தனி மட்டமாக வைப்பதற்குக் காரணம் உண்டு: டேமேஜ் பீஸுக்கு ஹேங்டேகும் பாலிபேகும் செலவாகவில்லை. மொத்தச் செலவையும் 0.97-ஆல் வகுப்பவர்கள் பேக்கிங் பொருளிலும் சேதத்தை ஏற்றிவிடுகிறார்கள். 103 தைத்த பீஸ் 13,117, செக்கிங், அயர்னிங், பேக்கிங் 650, டேக் 153, பாலிபேக் 112, பெட்டி இரண்டு 110. ஆக 14,142, பீஸ் ₹141.42.

காகித ஓரக் கணக்கில் இதே டி-ஷர்ட் 398 ரூபாய் துணியோடும் எட்டு நிமிடத் தையலோடும், வேஸ்ட் கழிவும் செக்கிங் சேதமும் சேர்க்காமல், ₹116.37 வரும். இடையில் 25 ரூபாய். 10,000 பீஸுக்கு இரண்டரை லட்சம்.

அலுவலகச் செலவு, தூத்துக்குடி வரை வாடகை, ஏஜென்ட் கமிஷன், வட்டி இவற்றை பிஓஎம்முக்கு வெளியே விலை மேற்கோளில் வையுங்கள், ஆர்டருக்கு ஆர்டர் மாறும். 90 நாள் கழித்துப் பணம் தரும் பையருக்கு ஆண்டுக்கு 10% வட்டியில் பீஸுக்கு ₹3.50 சுளையாகப் போகிறது. ட்ராபேக் போன்ற ஏற்றுமதிச் சலுகைகளை அடக்கவிலையிலிருந்து கழிக்காதீர்கள். அரசு விகிதத்தை மாற்றும் நாளில் எல்லா பிஓஎம்மையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். 12% லாபம் விற்பனை விலையில் வேண்டும் என்றால் 141.42-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். 1.12-ஆல் பெருக்கினால் இரண்டு ரூபாய்க்கு மேல் குறையும்.

கணித்ததும் நடந்ததும்

ஆர்டர் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க பிஓஎம் வேரியன்ஸ் ரிப்போர்ட் இருக்கிறது. பல இடங்களில் அதைத் திறந்தால் வித்தியாசம் பூஜ்யம் என்றே வரும். அவ்வளவு துல்லியமாகக் கணித்துவிட்டோமா? இல்லை. மேனுஃபேக்சரிங் செட்டிங்ஸில் மூலப்பொருளை எதன்படி கழிப்பது என்ற கட்டம் பிஓஎம் என்றே இருக்கிறது. 100 பீஸ் முடிந்தது என்று பதிந்தவுடன் பிஓஎம்மில் எழுதிய 20 கிலோவையே மென்பொருள் கழித்துக்கொள்ளும். உண்மையில் 22 கிலோ போயிருந்தாலும் அதற்குத் தெரியாது. அந்த 2 கிலோ வருடக் கடைசியில் கிடங்கு எண்ணும்போது காணாமல் போன துணியாக வெளியே வரும், அப்போது எந்த ஆர்டரில் போனது என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை.

அந்தக் கட்டத்தை "உற்பத்திக்கு மாற்றிய பொருள்" என்பதற்கு மாற்றுங்கள். கட்டிங்குக்குப் போகும் ஒவ்வொரு ரோலையும் எடை போட்டு ஒர்க் ஆர்டரின் பேரில் அனுப்ப வேண்டும், மீந்ததைத் திரும்ப எடை போட்டு வரவு வைக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் முணுமுணுப்பார். சாயத்துக்கும் இதேதான்: கொடுத்த கிரே எடை, வந்த துணி எடை இரண்டையும் லாட் எண்ணோடு பதிந்தால் பட்டறை வாரியாக, நிற வாரியாக உண்மையான சேத விகிதம் கையில் இருக்கும். 8% என்று நாம் வைத்த எண்ணுக்குப் பதிலாக அடர் நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்று அடுத்த பிஓஎம் பதிப்பில் போடலாம். தையலுக்கு ஜாப் கார்டில் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் வேண்டும். ஒவ்வொரு பீஸுக்கும் அல்ல, கட்டு வாரியாகப் பதிந்தாலே போதும்.

பதிவு தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆர்டர்களின் எண்களைப் பார்த்து பிஓஎம்மை மாற்ற அவசரப்படாதீர்கள். அப்போது தப்பாக இருப்பது பெரும்பாலும் பதிவுதான்: ரோல் எடையில் உள்குழாயின் எடையும் சேர்ந்திருக்கும், ஜாப் கார்டை மாலையில் ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். ஒரே துணி, ஒரே நிறத்தில் நாலைந்து லாட் ஒரே திசையில் விலகினால் மட்டும் புதுப் பதிப்பு போட்டு, பழையதை டிஃபால்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, அப்டேட் டூலில் மேல்மட்ட பிஓஎம்களிலும் மாற்றிவிடுங்கள்.